உங்களுக்குத் தெரியுமா? - டீசல் இன்ஜின் ஸ்பெஷல்

பாசஞ்சர் ரயிலின் தலைமாட்டில் உறுமிக்கொண்டு நின்ற பழைய டீசல் இன்ஜின்களுக்கு இன்றும் ரசிகர்கள் ஏராளம். வேடிக்கை என்னவென்றால், நாம் வாய்பிளந்து ரசித்தவற்றில் பாதி, அந்த இன்ஜின்களின் போதாமைகள்!

● புறப்படும்போது மட்டும் ஏன் அத்தனை கரும்புகை?
ஓட்டுநர் வேகத்தைக் கூட்டியதும் டீசல் உடனே கூடுதலாகப் பாயும். ஆனால் அதை எரிக்கக் காற்றைத் திணிக்கும் டர்போசார்ஜர் வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் அரைகுறையாக எரிந்த டீசல்தான் கரும்புகையாக வானுக்குப் போனது. பிளாட்பாரத்தில் நாம் கைதட்டியது, வீணாய்ப் போன எரிபொருளுக்கு.

● மணிக்கணக்கில் நின்றாலும் இன்ஜினை அணைக்க மாட்டார்கள்.
மறுபடி கிளப்புவதற்கு இருந்ததெல்லாம் பேட்டரி மட்டுமே. அது கைவிட்டால் ரயில் நட்டநடுவில் நின்றுவிடும். பிரேக் அமைப்புக்கும் இன்ஜின் ஓடியாக வேண்டும். கிராசிங்குக்காகக் காத்துக் கிடந்த நேரத்தில் கேட்ட அந்த ‘டுக்… டுக்… டுக்’ தாலாட்டின் ரகசியம் இதுதான். பிற்காலத்தில் இந்த எரிபொருள் விரயத்தைத் தவிர்க்கவே சில இன்ஜின்களில் தனியாக ஒரு குட்டி இன்ஜினைப் பொருத்தினார்கள்.

● டீசல் சக்கரத்தைச் சுழற்றவில்லை!
உள்ளே இருக்கும் டீசல் இன்ஜின் ஒரு ஜெனரேட்டரை ஓட்டும். அதில் பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குப் போகும். சக்கரத்தைச் சுழற்றுவது அந்த மோட்டார்கள்தான். ஆக, அது தன் மின்நிலையத்தைத் தானே சுமந்து ஓடிய மின்சார ரயில்!

● ஓட்டுநருக்கு முன்னால் நீண்ட மூக்கு.
டபிள்யூடிஎம்-2 வகை டீசல் இன்ஜினில் ஓட்டுநர் அறை ஒரு முனையில்தான் இருக்கும். நீளப்பக்கம் முன்னால் வரும்படி ஓட்டினால், இன்ஜின் உடம்பே பாதையை மறைக்கும். ஒரு பக்கத்து சிக்னலை ஓட்டுநரும், மறுபக்கத்தை உதவியாளரும் பார்த்து, ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள்.

● கடைசி ஸ்டேஷனில் டீ குடிக்க நேரம் கிடைத்தது எப்படி?
இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாக ஓட்டிப்போய், ரயிலின் மறுமுனையில் மாட்டிய பிறகே திரும்பிப் புறப்பட முடியும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள டெமு, மெமு ரயில்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்ஜின் இழுத்த பாசஞ்சர் ரயில்களின் இடத்தை அவை பிடித்துக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

● தாய்க் கம்பெனி மூடியது, பிள்ளை ஓடியது.
டபிள்யூடிஎம்-2, அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு. 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். 1962இல் முதல் இன்ஜின்கள் கப்பலில் வந்தன. தொழில்நுட்பத்தையும் தர ஆல்கோ சம்மதித்ததால் வாரணாசியிலேயே உற்பத்தி தொடங்கியது. 1969இல் ஆல்கோ ரயில் இன்ஜின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. வாரணாசியிலோ 1990களின் இறுதிவரை 2,000க்கும் அதிகமான டபிள்யூடிஎம்-2 இன்ஜின்கள் உருவாயின.

● முதல் இன்ஜினும் அரியலூரும்.
1964 ஜனவரியில் வாரணாசி ஆலையின் முதல் டீசல் இன்ஜினை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் லால் பகதூர் சாஸ்திரி. 1956இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்த அதே சாஸ்திரி!

● டெல்லிக்குப் போக இரட்டை மாடு.
மின்மயமாவதற்கு முன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் நீண்ட பெட்டி வரிசையை இழுக்க ஒரு டபிள்யூடிஎம்-2 போதவில்லை. இரண்டை ஜோடி சேர்த்தார்கள். இரண்டையும் இணைக்கும் கேபிள் வழியாக, முதல் இன்ஜினில் அமர்ந்தபடியே பின்னதையும் ஓட்டலாம். இரண்டாவதற்கு என்று தனி ஓட்டுநர் தேவையில்லை.

● தென் மாவட்டங்களின் செல்லப்பிள்ளை.
மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய ஒய்டிஎம்-4, டபிள்யூடிஎம்-2வின் தம்பி. அதே ஆல்கோ குடும்ப இன்ஜின்தான், ஆனால் 6 சிலிண்டர். அதனால் உறுமலும் வேறு. 1977 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸுக்கு அன்று விழுப்புரத்துக்குத் தெற்கே மேலே மின்கம்பி கிடையாது. மதுரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு விரைந்தது டீசல்தான்.

● யாழ்தேவிக்குக் கனடா இன்ஜின்.
கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா இலங்கைக்கு டீசல் இன்ஜின்களை அன்பளிப்பாகத் தந்தது. ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார்கள். 1956இல் ஓடத் தொடங்கிய, யாழ்ப்பாணம் செல்லும் யாழ்தேவி ரயிலையும் இவ்வகை இன்ஜின்கள் இழுத்தன. போரினால் 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில், 2014 அக்டோபரில் மீண்டும் யாழ் நகரை எட்டியது. இலங்கையின் எம்-8 வகை இன்ஜின்களோ, நம் வாரணாசி ஆலையில் பிறந்தவை.

● டீசலே மின்சாரமாக மாறியது.
பழைய டீசல் இன்ஜின்கள் இரண்டை வாரணாசியில் மின்சார இன்ஜின்களாக மாற்றி, ஜோடி சேர்த்து 10,000 குதிரைத்திறன் கொண்டதாக ஆக்கினார்கள். 2019 பிப்ரவரியில் அது கொடியசைத்து அனுப்பப்பட்டது. மறு ஆண்டு அந்த ஆலையின் பெயரிலிருந்தே ‘டீசல்’ நீக்கப்பட்டது.

● இன்னும் பார்க்க வேண்டுமா?
ஊட்டி மலை ரயிலில் ஏறுங்கள். பல்சக்கரப் பாதை குன்னூரோடு முடிகிறது. அங்கே நீராவி இன்ஜின் விலகிக்கொள்ள, உதகை வரை ரயிலுக்கு ஒய்டிஎம்-4 துணை. பெரும்பாலானோர் நீராவி இன்ஜினோடு செல்ஃபி எடுத்துவிட்டு, டீசல் வந்து மாட்டும் நேரத்தில் வடை வாங்கப் போய்விடுகிறார்கள். நீங்கள் வடையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்!