பெயர்ந்த படி முனை

மாடிப்படியின் சிமென்ட் முனை பெயர்ந்துபோனால் படிக்கட்டையே இடித்துக் கட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் சிமென்டும் மணலும் இருந்தால் நீங்களே சரிசெய்துவிடலாம்.

ஆடுகிற துண்டுகளை உளியால் தட்டி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பழைய சிமென்ட் நன்றாக ஊற வேண்டும். காய்ந்திருந்தால் புதுக் கலவையின் தண்ணீரை அது உறிஞ்சிவிடும், பூச்சு ஒட்டாது. படியின் முகப்பில் எண்ணெய் தடவிய பலகையை நிறுத்தி, செங்கல்லால் முட்டுக் கொடுங்கள். சிமென்ட் பால் தடவி, அது காய்வதற்குள், ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த கலவையைக் கரணையால் அழுத்தி நிரப்புங்கள். மறுநாள் பலகையை மெல்லக் கழற்றி, ஈரச்சாக்கு போட்டு 7 நாள் தண்ணீர் விடுங்கள். அதுவரை அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது.

மேலே டைல்ஸ் ஒட்டும் எண்ணம் இருக்கிறதா? டைல்ஸ் ஏறியதும் முதல் படியின் உயரம் கூடும், கடைசி ஏற்றம் குறையும். கால் பழகிய அளவு மாறினால் தடுக்கும். வயதானவர்கள் இப்படி விழக்கூடும். வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.