சைபர்புல்லிங்: வினாநிரல் மொழிபெயர்ப்பில் எழும் பொருட்சிக்கல்

முன்னுரை

பல்கலைக்கழக மாணவர் உடன்பயில்வோரைக் கைப்பேசி, சமூக ஊடகம் ஆகியவற்றின் வழி இழிவுபடுத்துவது சைபர்புல்லிங் எனப்படுகிறது. கல்வித் தேர்ச்சியை இது எவ்வாறு தாக்குகிறது என்பதைப் பெரும்பாலும் வினாநிரல் கொண்டே அளக்கின்றனர். ஆங்கில வினாநிரலைத் தமிழாக்குங்கால் ஒரு சொல்லின் தேர்வே ஆய்வு முடிவை மாற்றக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. சொல்லும் எல்லையும்

டான் ஓல்வியஸ் புல்லிங்கிற்கு மூன்று கூறுகளை வகுத்தார்: தீங்கு செய்யும் நோக்கம், மீண்டும் மீண்டும் நிகழ்தல், இருவரிடை வலிமை வேறுபாடு. இம்மூன்றையும் ஒருங்கே உணர்த்தும் வழக்குச்சொல் தமிழில் இல்லை. ‘கேலி’ தோழமைக்கும் உரியது. ‘மிரட்டல்’ அச்சுறுத்தலோடு நின்றுவிடும். ‘பகடிவதை’ ராகிங்கைக் குறிக்கவும் வழங்குகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையின் நிலைக்களன் நான்கனுள் எள்ளலையும், அழுகையின் நிலைக்களன் நான்கனுள் இளிவையும் முதற்கண் வைத்துள்ளமை இங்குக் கருதத்தக்கது. செய்வோர்க்கு எள்ளலாவது படுவோர்க்கு இளிவாகிறது. ‘உன்னைக் கேலி செய்தனரா?’ என்னும் வினா செய்வோர் பக்கம் நின்று கேட்பதாகும். இளிவுற்றவர் அதற்கு ‘இல்லை’ எனலாம்.

பீட்டர் கே. ஸ்மித் குழுவினர் 14 நாடுகளின் பள்ளி மாணவரிடை நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோட்டோவியங்களைக் காட்டி அவரவர் மொழிச்சொல் எவற்றுக்குப் பொருந்தும் என வினவினர். சொற்களின் பொருளெல்லை மொழிதோறும் வேறுபட்டது.

2. ‘எத்தனை முறை?’

இணையத்தில் மீள்நிகழ்வும் சிக்கலுடையது. ஒருவர் ஒருமுறை இட்ட படத்தை நூற்றுவர் பகிரலாம். செயல் ஒன்று, இளிவு நூறு. ‘எத்தனை முறை செய்தனர்?’ என்பதற்கு ‘ஒருமுறை’ என்னும் விடை உண்மையாயினும் துன்பத்தின் அளவைக் காட்டாது.

3. கல்வியில் விளைவு

தாய்மொழிவழிப் பயின்று ஆங்கிலவழி வகுப்பில் சேர்ந்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய ஆங்கிலப் பிழை நகைப்புக்குள்ளாகிறது. குழுவில் நீடித்தால் இளிவு. விலகினால் பாடக்குறிப்பும் தேர்வு அறிவிப்பும் கிட்டா. அவள் வகுப்பில் ஐயம் கேட்பதையும் விடுகிறாள். இவ்விழப்பு மதிப்பெண்ணில் உடனே தோன்றுவதில்லை. மதிப்பெண் குறைவே ஏளனத்துக்குக் காரணமாதலும் உண்டாதலின், இரண்டும் சேர்ந்து காணப்படுவது கொண்டே காரணகாரியம் கூறுதல் பொருந்தாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகள் எழுத்தாலும் மின்னஞ்சலாலும் இழிவுபடுத்துதலையும், பிறர் கல்விப்பணிக்கு இடையூறு செய்தலையும் ராகிங்கில் அடக்குகின்றன. எனினும் தனக்கு நேர்ந்ததை ‘ராகிங்’ என எண்ணாத மாணவி முறையிடுவது அரிது.

முடிவுரை

ஆகவே வினாநிரலில் பெயரைத் தவிர்த்துச் செயலையே வினவுதல் வேண்டும். ‘உன் எழுத்தையோ படத்தையோ பிறர் நகைக்குமாறு யாரேனும் பகிர்ந்தனரா? அதன்பின் வகுப்பில் வினா எழுப்பத் தயங்கினாயா?’ என்பன போன்றவை ஏற்றவை. ஆங்கிலத்திற்கு மீள்பெயர்த்துச் சரிபார்த்தல் மட்டும் போதாது. மாணவர் அவ்வினாவை எவ்வாறு பொருள் கொள்கின்றனர் என முன்னரே கேட்டறிதலும் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.