தாழ்ந்த கண் பொய் சொல்கிறதா?

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் பெரியவர் பேசும்போது இளையவர் கண்ணைத் தாழ்த்தினால் அது மரியாதை. விசாரணை அறையிலோ அதே பார்வையைக் குற்றவுணர்வு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது ஆபத்தானது. அனுபவசாலிகளுக்கு முகம் பார்த்தாலே பொய் தெரியும் என்பார்கள். ஆனால் உளவியலாளர்கள் பாண்டும் டிபாலோவும் 2006இல் 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கணிப்புகளில் சராசரியாக 54 சதவீதமே சரி. தொழில்முறை விசாரணையாளர்களும் இதைவிடத் தேறவில்லை. காசு சுண்டினாலே 50 வரும்.

அப்படியானால் உடல்மொழியே வீணா? இல்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் தரகர் பிடிக்கும் விரல்கள் பிசகாமல் விலை சொல்கின்றன. எந்த விரலுக்கு எவ்வளவு என்பது இருவருக்கும் முன்பே தெரியும். தாழ்ந்த கண்ணுக்கு அப்படியோர் உடன்பாடு கிடையாது. அது அச்சத்தாலும் தாழலாம். உணர்ச்சி உடலில் வெளிப்படும் மெய்ப்பாடு எட்டுக்கும் தலா நான்கு காரணம் சொல்லும் தொல்காப்பியம், அச்சத்தின் காரணங்களில் ஆள்பவரையும் சேர்த்திருக்கிறது. தவறே செய்யாதவரும் அதிகாரியின் முன் நடுங்குவார்.