அகன்ற விழிகள்

விரிந்த கண்களை அழகென்று போற்றும் மரபு நம்முடையது. பெண் குழந்தைக்குக் கயல்விழி என்றும் விசாலாட்சி என்றும் பெயரிட்டு மகிழ்கிறோம். நான்கைந்து மாதக் குழந்தையைக் காண வரும் உறவினர், “எவ்வளவு பெரிய கண்கள்!” என்று வியந்து, கண்ணேறு படாதிருக்கக் கன்னத்தில் மையிடச் சொல்வர். அவ்வியப்பு பெரும்பாலும் நியாயமானதே. ஆயினும் அக்குழந்தை வெளிச்சத்தைக் கண்டதும் முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொள்கிறது. அழாதபோதும் கண்களில் நீர் வழிகிறது. கருவிழி தெளிவாக இல்லாமல் பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கியிருக்கிறது என்றால், அக்கண்ணைப் பெரிதாக்கியது அழகன்று. உள்ளிருந்து எழும் அழுத்தம். குழந்தைப் பருவக் கண்நீர் அழுத்தநோய் இவ்வாறுதான் தன்னை வெளிப்படுத்துகிறது. குளுக்கோமா என்பதும் இந்நோயையே குறிக்கும். இதனால் பெருத்த விழிக்கு மேலைநாட்டு மருத்துவர் வழங்கிய பெயரின் பொருள் ‘மாட்டுக்கண்’ என்பதாகும்.

கண்ணீர் வேறு, கண்நீர் வேறு. கண்ணீர் கண்ணின் புறத்தே சுரந்து வழிவது. கண்நீரோ விழிக்கோளத்தின் உள்ளே, விழி லென்சைச் சூழ்ந்துள்ள திசுவிலிருந்து ஊறுவது. நிமிடத்திற்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் வரை சுரக்கும். ஒரு சொட்டு சேரவே ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். லென்சுக்கும் கார்னியா எனப்படும் ஒளிபுகும் முன்படலத்திற்கும் குருதிக்குழாய்கள் இல்லாமையால், இந்நீரே அவற்றிற்கு உணவூட்டுகிறது. பின்னர், கார்னியாவும் ஐரிசும் சந்திக்கும் மூலையிலுள்ள சல்லடை போன்ற திசுவின் வழியே வடிந்து குருதியில் கலக்கிறது. ஊற்றும் வடிகாலும் ஒத்திருக்கும்வரை கண்ணின் அழுத்தம் சீராக இருக்கும்; வளர்ந்தவர்க்கு இது பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர். வடிகால் அடைபட்டால் அழுத்தம் உயரும். உயர்ந்த அழுத்தம், விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பின் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இழைகளைச் சிறிது சிறிதாக நசித்துவிடும். இறந்த இழைகளை உயிர்ப்பிக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

வளர்ந்தவரின் விழிச்சுவர் உறுதியானது. அழுத்தம் உயர்ந்தாலும் வடிவம் மாறாது. ஏறத்தாழ மூன்று வயது வரை குழந்தையின் விழிச்சுவரோ இழுத்தால் நீளும் தன்மையது. எனவே அழுத்தம் அதனைப் பலூனைப்போல் விரிக்கிறது. பிறந்த குழந்தையின் கார்னியா ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. ஒரு வயதிற்குள் அது 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயுற வேண்டும். விரிவைத் தாங்காத உட்படலம் கீறுகிறது. கீறல் வழியே நீர் புகுந்து கார்னியா உப்பி மங்குகிறது. அங்குள்ள நரம்புமுனைகள் உறுத்தப்படுவதால்தான் குழந்தைக்கு ஒளி பகையாகிறது, கண்ணீர் பெருகுகிறது, இமைகள் இறுக மூடிக்கொள்கின்றன. ‘கண் வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாத பருவத்தில் இவையே அதன் மொழி. கண்ணீர்க் குழாய் அடைப்பிலும் கைக்குழந்தைக்குக் கண்ணில் நீர் வழியும். அதுவே மிகுதியாகக் காணப்படும் குறை. ஆனால் அதில் ஒளிக்கு அஞ்சுதல் இல்லை. கருவிழி பெருப்பதோ மங்குவதோ இல்லை. இவ்வேறுபாட்டை அறியாமல், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று காத்திருந்து இழந்த பார்வைகள் பல.

இந்நோயின் முதன்மை வகை பிறவியிலேயே தோன்றுவது. கருவில் வடிகால் திசு முழுமையாக உருப்பெறாததே இதன் காரணம். மேலைநாடுகளில் ஏறத்தாழ 10,000 பிறப்புகளுக்கு ஒன்று எனக் கணக்கிடப்படும் இந்நோய், ஆந்திரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 3,300 பிறப்புகளுக்கு ஒன்று என ஆய்வொன்று காட்டியது. சிஒய்பி1பி1 என்னும் மரபணுவின் பிழை இதற்குக் காரணமாகக்கூடும் என்பது 1997இல் கண்டறியப்பட்டது. இப்பிழை ஒடுங்குதன்மை உடையது. பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பிழைப்படியைச் சுமந்திருந்தாலும் அவர்தம் கண்கள் நலமாகவே இருக்கும். இரு படிகளும் ஒருங்கே பெறும் குழந்தைக்கே நோய் தோன்றும். அதற்கான வாய்ப்பு ஒவ்வொரு பிறப்பிலும் நான்கில் ஒன்று. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில், ஒரே மூதாதையின் பிழை இருபுறமிருந்தும் வந்து சேர்வது எளிது. இதில் தாயின் உணவையோ கிரகணத்தையோ குறைகூற ஏதுமில்லை.

நான்கு வயதிற்குப் பின் தோன்றும் இளம்பருவ வகை வஞ்சகமானது. அப்போது விழிச்சுவர் இறுகிவிட்டதால் கண் பெருப்பதில்லை. வலியும் பெரும்பாலும் இல்லை. கரும்பலகை தெளிவாகத் தெரியும். பக்கப் பார்வை மட்டும் ஓசையின்றித் தேயும். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வாங்கச் செல்லும்போது தற்செயலாகக் கண்டறியப்படுவோர் உண்டு.

பிற குறைகளின் விளைவாக வரும் வகைகளும் உள்ளன: ஐரிஸ் இன்றிப் பிறத்தல், முகத்தில் செந்நிறத் தழும்போடு அமைந்த குருதிக்குழாய்க் கோளாறு, கருவுற்ற தாய்க்கு வந்த ரூபெல்லா அம்மை போன்றவை. பிறவிக் கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட குழந்தைக்குப் பல ஆண்டுகள் கழித்தும் அழுத்தம் உயரலாம். விளையாட்டில் பந்து கண்ணில் பட்டு, உள்ளே குருதி கசிந்தாலும் அவ்வாறே.

இவற்றுள் உங்கள் வயதினர் தனித்துக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோடையில் ஒவ்வாமையால் கண் அரித்துச் சிவக்கும் சிறுவர்க்கு மருத்துவர் சில நாள்களுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதித் தருவார். அரிப்பு மந்திரம்போல் நின்றுவிடும். அடுத்த கோடையில் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி, அல்லது அதுவும் இன்றி, கடையில் அதே மருந்தை வாங்கி மாதக்கணக்கில் இடுவர். ஸ்டீராய்டு வடிகால் திசுவின் தடையை மிகுவிக்கும். கண் வெண்மையாகவும் இதமாகவும் இருக்க, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். மரபணுவைப் போலன்றி, இது முற்றிலும் நம் கையில் உள்ள காரணம்.

சிகிச்சைக்கு வருவோம். வளர்ந்தவர்க்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தே முதற்படி. பிறவி வகைக்கோ அறுவையே முதன்மை; குறை வடிகாலின் அமைப்பிலேயே இருப்பதால் மருந்து அறுவை வரையிலான துணை மட்டுமே. மருந்திலும் எச்சரிக்கை வேண்டும். டிமலால் சிசுவின் மூச்சையும் இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடும். பிரிமோனிடின் இரண்டு வயதிற்குட்பட்டோருக்கு ஆகாது.

சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஓட்டோ பார்க்கன் என்னும் மருத்துவர், வடிகால் மூலையைச் சிறப்பு லென்சு வழியே நேரில் கண்டு, அடைத்திருந்த திசுவை நுண்கத்தியால் கீறும் முறையை 1938இல் விளக்கினார். அதுவரை இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் பார்வையிழப்பதே விதியெனக் கருதப்பட்டனர். கோனியாட்டமி என்னும் இம்முறைக்குக் கார்னியா தெளிவாக இருத்தல் வேண்டும். மங்கிய கண்களுக்கு, வெளிப்புறத்திலிருந்தே வடிகாலைத் தேடித் திறக்கும் டிரபெகுலாட்டமி முறையை 1960இல் அமெரிக்காவில் புரியனும் இங்கிலாந்தில் ஸ்மித்தும் தனித்தனியே உருவாக்கினர். கார்னியா மங்கிய பின்னரே பல குழந்தைகள் கொண்டுவரப்படும் நம் நாட்டில், இதனோடு புதிய வடிபாதை ஒன்றையும் அமைக்கும் கூட்டறுவை பரவலாகச் செய்யப்படுகிறது. இவையும் பயனளிக்காதபோது கண்ணுள் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி நீரை வெளியேற்றுவர். இத்தகைய கருவியை மதுரையிலுள்ள அரவிந்த் கண் மருத்துவ அமைப்பின் ஆரோலேப் குறைந்த விலையில் தயாரிக்கிறது.

அறுவை வெற்றிபெற்றால் நாள்களிலோ வாரங்களிலோ கார்னியா தெளியத் தொடங்கும்; வெளிச்சத்திற்கு மறைந்த குழந்தை விளக்கை நிமிர்ந்து பார்க்கும். அத்துடன் மருத்துவம் முடிவதில்லை. விரிந்த விழியின் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி வேண்டும். பயன்படுத்தாத கண்ணை மூளை புறக்கணிக்கப் பழகிவிடும் என்பதால், நல்ல கண்ணை நாளும் சில மணிநேரம் மூடிவைத்து, நலிந்த கண்ணுக்கு வேலை தர வேண்டும். மழலை அதனைப் பிய்த்தெறியும். தாய் மீண்டும் ஒட்டுவாள். அழுத்தத்தை அளக்கச் சிறு வயதில் மயக்க மருந்து தேவைப்படும். பின்னர் அக்குழந்தை, வாழ்நாள் முழுவதும் குறித்த இடைவெளியில் வந்து அமர்ந்து, தாடையைக் கருவியில் வைத்துக் காட்டும். அக்குடும்பத்தில் அடுத்த குழந்தை பிறந்தால் அதன் கண்களையும் முதல் வாரங்களிலேயே பரிசோதிக்க மருத்துவர் சொல்லி அனுப்புவார்.