18,000 ரூபாய் ஹோம் தியேட்டரை வித்துட்டு, மாசம் 600 ரூபாயில கம்ப்யூட்டர் சவுண்டை சரி பண்ணின கதை

போன மாசம் நம்ம சேனல்ல போட்ட வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "பின்னாடி தெரியுற அந்த ஸ்பீக்கர் என்ன விலை?" விலையை மட்டும் சொன்னா பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். அந்த ஸ்பீக்கர் மேசைக்கு வர்றதுக்கு முன்னாடி நான் 11,430 ரூபாயைத் தொலைச்சேன். அதையும் சேர்த்தே எழுதிடுறேன். இதுல எந்த பிராண்டுக்கும் விளம்பரம் கிடையாது, வாங்குற லிங்க்கும் கிடையாது.

நன்னிலம் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும். எங்க ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் கையில காசு புழங்கும். ஒன்னு குறுவை அறுப்பு, இன்னொன்னு சம்பா அறுப்பு. கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போட்டு, பணம் பேங்க்ல விழுற அந்த ஒரு வாரம் இருக்கே, அப்ப மனுஷனுக்கு எல்லாமே மலிவாத் தெரியும். அப்படி ஒரு சம்பா பணம் வந்த வாரத்துலதான் நான் 5.1 ஹோம் தியேட்டர் செட் ஒன்னை ஆர்டர் பண்ணினேன். விலை 18,000. மாசம் 2,000 வீதம் 9 மாசம், "நோ காஸ்ட் இஎம்ஐ".

வாங்கினது அப்பாவுக்காக. அவர் நாதஸ்வரப் பைத்தியம். எங்க ஊர்ல இருந்து பக்கத்துல இருக்கிற திருமருகல்லதான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை 1898-ல பிறந்தார். அந்தப் பெருமையை அப்பா ஏதோ தன் சொந்தக்காரர் மாதிரி சொல்லிக்குவார். கேசட்டுல இருந்ததையெல்லாம் நான் கம்ப்யூட்டருக்கு மாத்திக் கொடுத்தேன். மிச்சத்தை யூடியூப்ல கேட்பார். ஆனா எப்பவும் ஒரே குறை: "சவுண்டு பத்தலைடா."

செட் வந்தது. சப்வூஃபர் 'தும் தும்'னு அதிர்ந்தது. அப்பா பத்து நிமிஷம் கேட்டுட்டு, "தவில்ல தொப்பி மட்டும் கேக்குது, நாயனத்தைக் காணோம்"னு எழுந்து போயிட்டார்.

அவர் சொன்னது முழுக்கச் சரின்னு எனக்குப் பிறகுதான் புரிஞ்சது. மனுஷக் குரல், நாதஸ்வரம், வயலின் எல்லாத்துக்கும் உயிர் நடு அதிர்வெண்கள்லதான் இருக்கு. விலை குறைந்த 5.1 செட்டுல ஒரு பக்கம் கையகல ஸ்பீக்கர், இன்னொரு பக்கம் பெரிய சப்வூஃபர். நடுவுல வரவேண்டியதை ரெண்டு பேரும் ஒழுங்கா வாசிக்கிறதில்ல. அதுவும் ராஜரத்தினம் பிள்ளை காலத்து இசைத்தட்டுகள் எல்லாம் மோனோ. அவர் மறைஞ்சது 1956-ல. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததே 1958-ல. ஒரே தடத்துல பதிவான நாதஸ்வரத்தைக் கேட்க ஆறு பெட்டி எதுக்கு?

அந்த நோ காஸ்ட் இஎம்ஐ

இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம், ஏன்னா நம்ம வலைப்பக்கத்தோட வேலையே இதுதான். நோ காஸ்ட் இஎம்ஐ-ல வட்டி இல்லைன்னு அர்த்தம் இல்ல. வட்டி அளவுக்கு விற்பனையாளர் விலையில தள்ளுபடி தர்றார், பேங்க் தன் வட்டியைப் போட்டுக்குது, ரெண்டும் கழிஞ்சு நம்ம கண்ணுக்கு 18,000 தெரியுது. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி நம்ம தலையில. 15 சதவீத வட்டின்னு வச்சா 9 மாசத்துக்கு வட்டி சுமார் 1,075 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி 194. பிராசஸிங் கட்டணம் 199, அதுக்கும் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 430 ரூபாய் பக்கம் கூடுதல். பூஜ்ய வட்டின்னு ஒன்னு கிடையவே கிடையாது, வட்டியை வேற பேர்ல ஒளிச்சு வசூலிக்கிறாங்கன்னு 2013-லேயே ரிசர்வ் வங்கி பேங்க்குகளைக் கண்டிச்சது.

430 ரூபாய் பெரிய காசு இல்லைங்க. வலிச்சது வேற இடத்துல. ஜூன் பிறந்ததும் குறுவை வேலை ஆரம்பம். உழவு, நாத்து, நடவுக் கூலி எல்லாம் கை காசு. அந்த நேரத்துல மாசம் 2,000 பேங்க் தானா எடுத்துக்குது. அந்த வருஷம் நடவுக் கூலிக்கு மாமாகிட்ட கைமாத்து வாங்கினோம். வீட்டுல யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா தேவலைன்னு இருந்தது.

14 மாசம் கழிச்சு அந்த செட்டை 7,000-க்குத் தள்ளிவிட்டேன். 18,430-ல 7,000 போக நஷ்டம் 11,430.

மறுபடியும் முதல்ல இருந்து

இந்தத் தடவை ஒரே ஒரு விதி வச்சேன். தனியா ஒரு சேமிப்புக் கணக்கு, அதுக்கு மாசம் 600 ரூபாய் தானா போகணும், அதுல இருக்கிற காசுக்கு மேல எதுவும் வாங்கக் கூடாது. ஆர்டி போட்டிருக்கலாமேன்னு கேட்பீங்க. ஆர்டி-ல இடையில கொஞ்சம் மட்டும் எடுக்க முடியாது, முழுசா முடிக்கணும். படிப்படியா வாங்குற திட்டத்துக்கு அது சரிப்படாது.

முதல் மூணு மாசம் கையில காசே இல்லாததால, காசில்லாம என்ன செய்யலாம்னு தேடினேன். ஸ்பீக்கரைப் பத்தி நான் கத்துக்கிட்டதுல பாதி இந்த மூணு மாசத்துலதான்.

பரண்ல கிடந்த பழைய ரெண்டு சின்ன ஸ்பீக்கரை எடுத்தேன். மேசையில அது என் வயித்தைப் பார்த்துப் பாடிக்கிட்டிருந்தது. ஒவ்வொன்னுக்கும் கீழ ரெண்டு செங்கல், மேல பழைய மவுஸ் பேடை வெட்டி ஒரு துண்டு. ஸ்பீக்கர் காது மட்டத்துக்கு வந்தது. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கிற தூரமும், அதுல இருந்து நம்ம தலைக்கு இருக்கிற தூரமும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும். சுவரை ஒட்டி வைக்காம ஒரு முழம் முன்னால இழுத்தா அந்தக் குடத்துக்குள்ள பேசுற சத்தம் குறையும். எங்க ரூம் நாலு பக்கமும் வெறும் சுவர், கீழ சிமென்ட் தரை. கை தட்டினா 'டங்'னு திரும்பி வரும். தரையில கோரைப்பாய், பின்சுவர் ஓரமா ஒரு இலவம்பஞ்சு மெத்தை. அவ்வளவுதான். அப்பா அன்னிக்கே "என்ன, புதுசா?"ன்னு கேட்டார்.

அப்புறம் மூணாவது மாசம் 1,400 ரூபாய்க்கு வயர் உள்ள ஒரு ஹெட்ஃபோன். பட்ஜெட் குறைவுன்னா முதல் காசு ஹெட்ஃபோனுக்குத்தான் போகணும்ங்கிறது என் கருத்து. அதே தரத்தை ஸ்பீக்கர்ல கேட்க நாலஞ்சு மடங்கு செலவாகும், ஹெட்ஃபோனுக்கு ரூமும் ஒரு பொருட்டில்ல.

'ர்ர்ர்ர்' சத்தம்

அந்தப் பழைய ஸ்பீக்கர்ல எப்பவும் ஒரு 'ர்ர்ர்' இரைச்சல் இருந்தது. பாட்டு ஓடாதப்பவும் கேட்கும். வெளி டிஏசி வாங்கினா போயிடும்னு பல வீடியோவுல சொன்னாங்க (டிஏசி-ன்னா கம்ப்யூட்டரோட டிஜிட்டல் சிக்னலை ஒலியா மாத்துற பெட்டி). 4,000 ரூபாய் டிஏசி ஒன்னைத் தேர்ந்தெடுத்தும் வச்சிருந்தேன். கணக்குல காசு இல்ல, அதனால வாங்கல. அந்தக் காத்திருப்புதான் காப்பாத்துச்சு.

ஒரு நாள் வெறுங்காலோட தரையில நின்னுக்கிட்டு கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டேன். சுர்ருன்னு எறும்பு ஊர்ற மாதிரி ஒரு அதிர்ச்சி. எங்க தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். மீட்டரை வச்சுப் பார்த்துட்டு, "தம்பி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 230 பக்கம் காட்டணும், இங்க 90 கூட வரல. உங்க வீட்டுல எர்த்தே இல்லை"ன்னார். கொல்லையில எர்த் பைப் துருப்பிடிச்சு, வயர் எப்பவோ கழண்டு போயிருந்தது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரோட பவர் சப்ளைக்குள்ள இரைச்சலை வடிகட்ட சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கு. அது வடிகட்டினதை எர்த் வழியாத்தான் வெளியேத்தும். எர்த் இல்லைன்னா கம்ப்யூட்டரோட இரும்புப் பெட்டி கிட்டத்தட்ட 115 வோல்ட்டுல மிதக்கும். மின்னோட்டம் ரொம்பக் குறைவுங்கிறதால சுர்ருன்னு மட்டும் இருக்கு. அதுவே ஸ்பீக்கர் வயர் வழியாப் போய் 'ர்ர்ர்' ஆகுது. இதுக்கு எத்தனை ஆயிரம் கொடுத்து டிஏசி வாங்கினாலும் மூல காரணம் அப்படியேதான் இருக்கும். அதைவிட முக்கியம், நாளைக்கு கிரைண்டர்லயோ வாட்டர் ஹீட்டர்லயோ நிஜமாவே கரண்ட் கசிஞ்சா காப்பாத்த எர்த் இல்லாத வீட்டுல அம்மா ஈரக் கையோட வேலை செஞ்சுக்கிட்டிருந்தாங்க.

எட்டாவது மாசம் புது எர்த் பைப், வயர், கூலி எல்லாம் சேர்த்து 2,600. என் ஆடியோ பட்ஜெட்லயே பெரிய மாற்றம் இந்த 2,600 ரூபாய்லதான் வந்தது, இதுல ஆடியோ சாமான் ஒன்னுகூடக் கிடையாது. உங்க வீட்டுலயும் இரைச்சல் இருந்தா முதல்ல ரெண்டு சோதனை செய்ங்க. லேப்டாப்னா சார்ஜரைக் கழட்டிப் பாருங்க, சத்தம் நின்னா கோளாறு கரண்ட் பக்கம். கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில சொருகிப் பாருங்க, வேற வேற பிளக்குல இருந்தாலும் இரைச்சல் வரும். எர்த் வேலையை மட்டும் நீங்களே செய்யாதீங்க, தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க. ஐப்பசி, கார்த்திகையில இடி மின்னல் வந்தா எல்லா பிளக்கையும் பிடுங்கி வைக்கிறதும் இதோட சேர்த்தி.

எர்த் சரியான பிறகும் மவுஸை நகர்த்தினா ஒரு மெல்லிய 'கீச்' இருந்தது. முன்பக்க ஹெட்ஃபோன் ஓட்டையை விட்டுட்டுப் பின்பக்க ஓட்டையில சொருகினேன், பாதி குறைஞ்சது. மிச்சத்துக்கு 950 ரூபாய்க்கு விரல் நீள யூஎஸ்பி டிஏசி ஒன்னு போதுமா இருந்தது. பெட்டி மேல 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ்னு போட்டிருந்தா மயங்காதீங்க. ஆடியோ சிடியே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான்.

கடைசியா ஸ்பீக்கர்

அதுக்குப் பிறகு பத்து மாசம் எதுவும் வாங்கல. கையில 6,000 சேர்ந்துக்கிட்டிருந்தப்ப கடைக்காரர் ஒருத்தர் யூஎஸ்பி-ல ஓடுற "40 வாட்" ஸ்பீக்கரைக் காட்டினார். சாதாரண யூஎஸ்பி 2.0 ஓட்டை தர்றது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கிப் பாருங்க, இரண்டரை வாட். மிச்ச 37 வாட் எங்க இருந்து வருது? கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன். உண்மையில மேசைக்கு நிறைய வாட் தேவையும் இல்ல. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்துல 86 டெசிபெல் தர்ற ஸ்பீக்கர், பத்து வாட்டுல 96 தரும். அதுவே காதுக்கு அதிகம்.

இருபதாவது மாசம், கும்பகோணத்துல வீடு மாத்துற ஒருத்தர்கிட்ட பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி 4,500-க்குக் கிடைச்சது. பழசு வாங்கும்போது கூம்பைச் சுத்தி இருக்கிற வளையத்தைப் பாருங்க. பஞ்சு மாதிரியான ஃபோம் வளையம்னா பத்துப் பதினைஞ்சு வருஷத்துல உதிர்ந்துடும், ரப்பர்னா தாங்கும். கூம்பை ரெண்டு விரலால மெதுவா அழுத்திப் பாருங்க, உள்ள கரகரன்னு உரசினா வேண்டாம். அதுக்கு ஒரு சின்ன கிளாஸ்-டி ஆம்ப் 2,200. டிபிஏ 3116 சிப் போட்ட ஆம்ப் வகைகள் சென்னை ரிச்சி தெருவுலயும் ஆன்லைன்லயும் நிறைய இருக்கு. 24 வோல்ட் வரைக்கும் எடுத்துக்கிற ஆம்ப்னா வீட்டுல சும்மா கிடக்கிற 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரே போதும். பின்னுக்குள்ள பிளஸ் எது, மைனஸ் எதுன்னு பார்த்துச் சொருகுங்க.

மொத்தம்: 1,400, 2,600, 950, 6,700. கூட்டினா 11,650. போன தடவை நஷ்டமாப் போனதும் கிட்டத்தட்ட அதே காசுதான்.

இன்னொன்னு சொல்லணும். புது ஸ்பீக்கர் வந்த பிறகும் அப்பா "கூட்டு, கூட்டு"ன்னார். சந்தேகம் வந்து காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வயசுக்குரிய செவித்திறன் குறைவு, மேல் ஸ்தாயி சத்தங்கள் சரியா விழல. இத்தனை வருஷமா நான் ஸ்பீக்கர்ல தேடினது காதுல இருந்திருக்கு. சத்தத்தைக் கூட்டுறது தீர்வில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம்னா 80 டெசிபெல்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாதுகாப்பு வரம்பு. மூணு டெசிபெல் கூடினா அந்த நேரம் பாதியாகும். இப்ப 'ஈக்வலைசர் ஏபிஓ'ங்கிற இலவச மென்பொருள்ல 2,000-ல இருந்து 4,000 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் அவருக்காகக் கொஞ்சம் தூக்கி வச்சிருக்கேன். தூக்கின அளவுக்கு அதுலயே 'ப்ரீ-ஆம்ப்'பைக் குறைச்சிடுங்க, இல்லைன்னா சத்தம் உடையும். காதுக்கருவி பத்தி டாக்டர் சொல்லியிருக்கார், அதுக்கு வேற கணக்கு ஆரம்பிச்சிருக்கேன்.

நேத்து ராத்திரி தோடி ஆலாபனை முழுசும் ஒரே இடத்துல உட்கார்ந்து கேட்டார். முடிஞ்சதும் எழுந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே, "சவுண்டெல்லாம் சரிதான், இந்த ஸ்டூலை முதல்ல மாத்துடா"ன்னார். கணக்குல 350 ரூபாய் இருக்கு.