சிற்றுருத் தாங்கியும் அதன் உள்ளறையும்

வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரையில் அமைந்த ஊர் குருக்கள்மடம். வாவியின் மறுபுறம், படுவான்கரையில் அம்பிளாந்துறை உளது. இவ்விரு கரைகளையும் இணைத்த மிதவையை மட்டக்களப்பார் ‘பாதை’ என வழங்குவர். அதில் நெல்மூட்டையும் துவிச்சக்கரவண்டியும் ஏற்றப்படும் முறையை நோக்குவார்க்கு ஓர் ஒழுங்கு புலனாகும். பாரமானவை நடுவில் அமரும். முதலில் இறங்கவேண்டியவை ஓரத்தில் நிற்கும். வழியை மறிப்பது யாதும் இராது. எவரும் எழுதிவையாத இவ்வொழுங்கை வகுத்தவை பயனும் பாதுகாப்புமே. ஒடுங்கிய இடத்தில் மனிதர் பொருள் வைக்கும் ஊர்தி அனைத்திற்கும் இது பொருந்தும். போர்த்தாங்கியின் உள்ளறையைச் சிற்றுருவிற் படைக்க விழைவோர் கற்கவேண்டிய முதற்பாடமும் இதுவேயாம்.

கவச ஊர்திகளை அளவு குறைத்துச் செய்வது உலகெங்கும் பரவியுள்ள ஒரு கைத்தொழிற் கலை. இவற்றுட் பெருவழக்காயுள்ளது முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்னும் அளவு. யப்பானியத் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட தாங்கி மாதிரிகளே இவ்வளவு நிலைபெறக் காலாயின. கடைகளிற் பெறப்படும் மாதிரிகளுட் பல உள்ளே வெறுமையானவை. மூடியைத் திறந்துவைத்தால் அவ்வெறுமை கண்ணுக்குப் புலப்படும். அதனை மறைக்கக் கைக்கெட்டிய பெட்டிகளையும் பைகளையும் உள்ளே குவிப்பவர் உளர். அங்ஙனம் குவித்தவிடத்து அறை நிரம்பும். அதனுள் வாழ்ந்த மனிதரின் சுவடு தோன்றாது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சென்னையை அடுத்த ஆவடியிலுள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1965இல் உருப்பெறத் தொடங்கியது விசயந்தா என்னும் தாங்கி. பிரித்தானிய விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவிய இது, நெடுங்காலம் இந்தியப் படையிற் பணிபுரிந்து ஓய்வு பெற்றது. தலைவர், சுடுநர், குண்டிடுவோர், ஓட்டுநர் என நால்வர் இதனுள் இருந்தனர். பீரங்கிக் குண்டுகள் 44 இடம்பெற்றன. சுழலும் மேற்கூண்டின் வலப்பக்கம் தலைவரும் சுடுநரும், இடப்பக்கம் குண்டிடுவோரும் அமைந்தனர். முன்புறம் வலத்தே ஓட்டுநர் இருந்தார்.

இனி, கணக்கைப் பார்ப்போம். தாங்கியின் அகலம் ஏறத்தாழ 3.17 மீற்றர், மாதிரியில் அஃது 9 சென்ரிமீற்றராகும். பீரங்கியின் வாய் விட்டம் 105 மில்லிமீற்றர். அதனை 35ஆல் வகுப்பின் சரியாக 3 மில்லிமீற்றர் கிடைக்கும். குண்டின் வெடிமருந்துக் குப்பி 617 மில்லிமீற்றர் நீளமுடையது. மாதிரியில் 18 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 175 சென்ரிமீற்றர் உயரமுள்ள மனிதன் 5 சென்ரிமீற்றராவான். இவ்வளவுகளைத் தாளில் வரைந்து நோக்கின், நால்வரும் 44 குண்டுகளும் இருந்தபின் எஞ்சிய இடம் எத்துணைச் சிறிதென்பது விளங்கும். ஒரு பொருளை உள்ளே வைக்குமுன் அதற்கு இடமுண்டோ எனக் கணக்கே முதலில் விடை கூறும்.

அடுத்து வினவவேண்டுவது, அப்பொருளை எடுக்கும் கை யாருடையது என்பது. குண்டிடுவோர் தம் இருப்பிடத்தினின்று எட்டக்கூடிய தொலைவிலேயே முதலில் வேண்டிய குண்டுகள் இருத்தல் வேண்டும். தலைவருக்கு நிலப்படமும் செய்திக்கருவியும், ஓட்டுநருக்குக் குடிநீரும் அண்மையில் வேண்டும். மேற்கூண்டு சுழலும்போது அதனோடு சுழல்வனவும், கீழுடலில் நிலைத்து நிற்பனவும் ஒன்றோடொன்று மோதலாகாது. பீரங்கி சுடும்போது அதன் பின்பகுதி பின்னோக்கிப் பாயும். அவ்வழியில் ஒரு துணிப்பையை வைத்த மாதிரி, தாங்கியை அறியாத மாதிரியாகும். மேலும், ஓடும் ஊர்தியிற் கட்டப்படாத பொருள் நில்லாது. ஆதலின் ஒவ்வொன்றுக்கும் வாரோ பிடிசட்டமோ காட்டுதல் இன்றியமையாதது.

பொருள் வைக்கும் இடம் உயிரையே நிர்ணயிக்கும் என்பதற்கு இரண்டாம் உலகப்போர் சான்று தந்தது. அமெரிக்கச் சேர்மன் தாங்கிகளிற் குண்டுகள் முதலிற் பக்கச் சுவர்களை ஒட்டி மேற்புறத்தே அடுக்கப்பட்டன. 1944 முதல் அவை அடித்தளத்துக்கு மாற்றப்பட்டு, நீர்க்கலவை நிரம்பிய உறைகளால் சூழப்பட்டன. 1945இல் அமெரிக்கப்படை நடத்திய ஆய்வின்படி, பழைய முறையில் அடிபட்ட தாங்கிகளுள் நூற்றுக்கு 60 முதல் 80 வரை எரிந்தன. புதிய முறையில் 10 முதல் 15 வரையே எரிந்தன. ஆதலாற் சேர்மன் மாதிரியிற் குண்டுகளைப் பிழையான இடத்தில் வைப்பவர், அம்மாற்றத்தின் வரலாற்றையே பிழைபடக் காட்டியவராவர்.

செய்பொருளுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள மூங்கிற்குச்சியைச் சீவிக் குண்டின் முனையாக்கலாம். குப்பிப்பகுதி அதனிலும் சற்றுப் பருமனாதலின் மெல்லிய தாளைச் சுற்றிப் பித்தளை வண்ணம் தீட்டலாம். பற்பசைக் குழாயின் உலோகத் தகட்டை நறுக்கின் வார் கிடைக்கும். மின்கம்பியின் செப்பிழை கைப்பிடியாகும். நீர்கலந்த பசையில் தோய்த்த மெல்லிய தாள், மடித்துவைத்த கித்தானின் சாயலைத் தரும். உட்சுவரும் இருக்கையும் வண்ணம் தீட்டப்பெற்ற பின்னரே இவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்துதல் வேண்டும். காலடி படும் தளத்தில் மட்டும் தேய்வும் மண்ணும் காட்டப்படல் தகும். கைபடாத மூலையிற் பூச்சு மங்காது நிற்கும்.

1983 முதல் 2009 வரை நீடித்த போரில், கவச ஊர்திகளைத் தெருவோரத்தில் நின்று பார்த்த மாவட்டம் மட்டக்களப்பு. வேலிக்குப் பின்னின்று கண்டவர்க்கு அவற்றின் இரும்பும் ஓசையுமே தெரிந்தன. அவற்றுள் இருந்தவர்க்கும் தாகமும் அச்சமும் உண்டென்பதை இரும்பு மறைத்தது. அவ்விரும்பைக் கண்டு அஞ்சியவர் துயரைச் சிற்றுருவாற் காட்ட இயலாது; எனினும், போரை விளையாட்டெனக் கருதும் இளம்பருவத்தினர் ஒருவர், திறந்த மூடியினூடே அவ்வொடுங்கிய அறையையும், வெடிமருந்துக்குப் பக்கத்தே தொங்கும் தண்ணீர்ப் போத்தலையும் காண்பாராயின் சற்றே நின்று சிந்திப்பார். அச்சிந்தனைக்கு இடமளிப்பதற்காகவே உள்ளறை உள்ளபடி செய்யப்படல் வேண்டும்.