ஒரு சிட்டத்தை முதலில் நனைத்துப் பார்த்தார்களா?

புதிய சாயம் கடைக்கு வந்துவிட்டதென்று, இருப்பிலுள்ள நூல் முழுவதையும் ஒரே நாளில் தொட்டியில் இறக்கும் சாயக்காரர் எவரும் இலர். முதலில் ஒரு சிட்டத்தை நனைத்து, உலர்த்தி, வெந்நீரில் அலசிச் சாயம் நிற்கிறதா என்று பார்ப்பர். இச்சாதாரண முன்யோசனை கணிப்பொறி உலகின் பெரிய நிறுவனங்களிடம் சில வேளைகளில் காணப்படாதது நமக்கு வியப்பையும், ஓரளவு சினத்தையும் தருகிறது.

கணிப்பொறி இன்று நமக்குப் புறம்பான விஷயமன்று. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்கள் பலவற்றிலும் நூல் இருப்பும் கூலிக் கணக்கும் திரைக்குச் சென்றுவிட்டன. சென்ற ஆண்டு ஒரு கூலி நாளன்று காலை, நம் சங்கத்துத் திரை, 'புதுப்பித்தல் நடைபெறுகிறது. அணைக்காதீர்கள்' என்ற அறிவிப்புடன் நின்றுவிட்டது. துணியுடன் வந்த அங்கத்தினர் பிற்பகல்வரை திண்ணையில் காத்திருந்தனர். யந்திரம் விழித்தெழுந்தபோதோ, அச்சுப்பொறியை அதற்கு அடையாளம் தெரியவில்லை! காரியதரிசி கைப்பட ரசீது எழுதியே கூலி கொடுத்தார்.

நமக்கு நேர்ந்தது சிறிது. 2024 ஜூலை 19 அன்று நேர்ந்தது உலகறிந்தது. கணிப்பொறிகளுக்குக் காவல் மென்பொருள் அளிக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம், இந்திய நேரம் காலை 9.39 மணிக்குச் சிறு கோப்பொன்றை அனுப்பியது. மென்பொருள் வைத்திருந்த விவரங்கள் 20. கோப்போ 21-ஆவதையும் பார்க்கச் சொன்னது. 20 இழை பூட்டிய பாவில் 21-ஆவது இழையைத் தேடியதற்கு இது ஒப்பாகும். இல்லாததைத் தேடிய காவலாள் தான் விழுந்ததோடு, விண்டோஸ் இயங்குதளத்தையும் உடன் வீழ்த்தினான். 78 நிமிடங்களில் அக்கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் விழுந்துவிட்ட யந்திரம் திருத்தத்தை எவ்வாறு பெற்றுக்கொள்ளும்? பெரும்பாலான யந்திரங்களின் முன் ஓர் ஆள் அமர்ந்து, அக்கோப்பைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று. மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி அவ்வாறு விழுந்தவை சுமார் 85 லட்சம். நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைப் பேனாவால் எழுதிக் கொடுத்தனர். அனுப்புமுன் கோப்பைச் சோதிக்கும் கருவியிலேயே பிழை இருந்ததாகவும், இனிப் படிப்படியாகவே அனுப்புவதாகவும் அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது. சிட்டத்தை நனைத்துப் பார்க்கும் ஞானம் பாவெல்லாம் பாழான பிறகு வந்தது.

மைக்ரோசாப்டும் இதற்கு விலக்கன்று. 2018 அக்டோபர் 2 அன்று அது வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. நான்கு நாட்களில் அதனை நிறுத்தி, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளியிட்டனர். பாதிப்புற்றோர் மிகச் சிலரே என்றார்கள். அச்சிலருள் ஒருவர் ஒரு சங்கத்தின் கணக்கராக இருந்திருந்தால்?

அப்படியாயின் புதுப்பிப்பே வேண்டாமென்று இருந்துவிடலாமா என அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். அதற்கும் நாம் இசையோம். 2017 மார்ச்சில் வெளிவந்த திருத்தத்தை ஏற்காதிருந்த கணிப்பொறிகளை, மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற தீய நிரல் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தறியில் அமர்வது அறிவன்று.

ஆதலின் நம் நிர்வாகக் குழு ஓர் ஏற்பாடு செய்துள்ளது. மைக்ரோசாப்டின் மாதாந்தரத் திருத்தங்கள் இரண்டாம் செவ்வாய்க்கிழமைதோறும் வெளிவருகின்றன. நம் நாட்டில் அப்போது இரவு. சங்கத்தின் இரு கணிப்பொறிகளுள் கடிதப் போக்குவரத்துக்குரியது அவற்றை முதலில் ஏற்கும். கூலிக் கணக்குள்ள யந்திரம் ஒரு வாரம் கழித்து, கூலி நாளல்லாத ஒரு நாளில், கணக்குகளைத் தனி வட்டில் நகலெடுத்த பின்னரே ஏற்கும். கூலி நாளுக்கு முந்திய மாலை அங்கத்தினர் நிலுவைப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டுப் பெட்டியில் வைக்குமாறும் காரியதரிசியைக் கேட்டிருக்கிறோம். பழைய பேரேட்டில் இன்னும் நாற்பது தாள் எஞ்சியிருக்கிறது. அதனை எடைக்குப் போட வேண்டாமென்றும் சொல்லியிருக்கிறோம்.